காட்டில் வாழ்ந்த வீரர் சாப்மன்

காடு என்றதும் நம் மாணவச் செல்வங்கள் புலியையும் பாம்பையுமே எண்ணுவர். தோட்டத்து மக்களாகிய நமக்குக் காடு அண்டை வீடு போன்றது; எனினும் அதனுள் நெடுந்தொலைவு சென்றோர் நம்முள் மிகச் சிலரே. மலாயாக் காட்டில் மூன்றாண்டுகளுக்கும் மேலாக மறைந்திருந்து, பின்னர் அவ்வாழ்வை நூலாக வடித்த ஆங்கிலேயப் போர்வீரர் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுத விழைகின்றோம்.

பிரெட்ரிக் ஸ்பென்சர் சாப்மன் 1907இல் லண்டனில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார்; தந்தையார் 1916இல் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டார். முதிய பாதிரியார் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் அவரை வளர்த்தனர். கேம்பிரிட்ஜில் கற்றார், கிரீன்லாந்துப் பனியில் உழன்றார், 1937இல் இமயத்தின் சோமோல்ஹாரிச் சிகரத்தை எட்டினார். ஸ்காட்லாந்தில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். அவர் நம் தொழிலைச் சேர்ந்தவர் என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

1941இல் சிங்கப்பூரிலிருந்த 101ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியில், பகைவருக்குப் பின்னால் தங்கிப் பாலங்களைத் தகர்க்கும் முறைகளைக் கற்பிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினர். பிறருக்குக் கற்பித்ததைத் தாமே செய்து காட்டும் காலம் வந்தது.

1942 தொடக்கத்தில், தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் அவரும் தோழர் இருவரும் இரவுதோறும் இரயில் பாதைக்கும் சாலைக்கும் வெடி வைத்தனர். வெள்ளைத்தோல் காட்டிக்கொடுக்கும் அன்றோ? ஆகவே உடலில் கருஞ்சாயம் பூசி, நம் தமிழ்த் தொழிலாளரைப் போல் உடுத்து, ரப்பர் தோட்டங்களின் ஊடே நடமாடினர்! ஏறத்தாழ இரண்டு வாரங்களில் இரயில் பாதையை 60 இடங்களில் துண்டித்ததாகவும், 40 வாகனங்களை அழித்ததாகவும் அவர் கணக்குக் கூறுகிறார். இருளில் வைத்த வெடிக்கு இருளிலேயே போட்ட கணக்கு அது. சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இங்கே நமக்கு ஒரு நெருடல் எழுகின்றது. வெடி வைத்தவர் மலையேறி மறைந்துவிடலாம். மறுநாள் விடியலில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளியோ அத்தோட்டத்திலேயே இருந்தாக வேண்டும். தமிழர் வேடத்தின் மீது ஐயம் விழுந்திருப்பின் யார் தலை உருண்டிருக்கும்?

பின்னர்ச் சாப்மன் சீனர் மிகுந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருடன் காட்டு முகாம்களில் வாழ்ந்து, அவர்களுக்குப் பயிற்சியளித்தார். மலேரியா அவரைப் பலமுறை வாட்டியது. ஒருமுறை பல நாள்கள் தன்னினைவின்றிக் கிடந்தார். 1944இல் ஜப்பானியரிடம் சிக்கினார். அன்றிரவே, காவலர் நடுவே படுத்திருந்தவர், கூடாரத் துணியின் அடியில் நழுவி ஓடிவிட்டார்! 1945 மே மாதம் பங்கோர் அருகே நீர்மூழ்கிக் கப்பலேறி மலாயாவை விட்டு நீங்கினார்.

‘தி ஜங்கிள் இஸ் நியூட்ரல்’ என்னும் அவரது நூல் 1949இல் வெளிவந்தது. காடு நடுநிலையானது என்பது அத்தலைப்பின் பொருள். காடு எவரையும் கொல்வதுமில்லை, காப்பதுமில்லை. நீரும் மறைவிடமும் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒன்றுபோலவே தருகின்றது. காட்டில் தனித்து விடப்பட்ட படைவீரர் பலர் சில மாதங்களிலேயே மடிந்தனர். உள்ளம் தளர்ந்ததே அதற்குப் பெருங்காரணம் என்பது அவர் முடிவு. நாம் அதனை முற்றும் ஒப்புவதற்கில்லை. சாப்மனுக்கு உள்ள உறுதி இருந்தது மெய்யே. ஆயினும் நோயுற்றபோது கஞ்சி தரவும், பாதை காட்டவும் அவருக்குப் பிறர் இருந்தனர்.

போருக்குப் பின் ஜெர்மனியிலும் தென்னாப்பிரிக்காவிலும் தலைமையாசிரியராய்ப் பணியாற்றிய அவர், 1971இல் மறைந்தார்.