பல்லில் எவ்வளவு கால்சியம் போச்சு? அளக்கிறதுல இருக்கிற சிக்கல்

போன மாதம் அம்மாவை குண்டடத்திலிருந்து தாராபுரத்துக்கு ரூட் கெனால் சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார்: "ஏங்கண்ணு, ஊசியில ஏதோ தண்ணி உட்டுக் கழுவறாங்களே, அது பல்லையே கரைச்சுப் போடாதா?"

"தெரியலம்மா"ன்னு சொல்லிட்டேன். நான் படிச்சது பிஇ. ஆனா கேள்வி விடவில்லை. ராத்திரி ஆய்வுக்கட்டுரைகளைப் புரட்ட ஆரம்பித்தேன்.

கழுவப் பயன்படும் முக்கியமான திரவங்கள் ரெண்டு. ஒன்று சோடியம் ஹைப்போகுளோரைட், நம்ம பக்கம் துணி வெளுக்கப் பயன்பட்ட அதே சரக்கு. அது பல்லின் கரிமப் பொருளை, முக்கியமா கொலாஜனை, கரைக்கும். இன்னொன்று 17 சதவீத ஈடிடிஏ. இது கால்சியத்தைக் கவ்விப் பிடித்து இழுத்துவிடும். சாயப்பட்டறையில் தண்ணீரின் கடினத்தன்மையை அடக்கப் போடுவதும், போர் தண்ணியின் கடினத்தன்மையை லேபில் அளப்பதும் இதை வைத்துத்தான். 1957-ல் நார்வேக்காரர் நிகார்ட்-ஓஸ்ட்பி இதை ரூட் கெனாலுக்குக் கொண்டுவந்தார். கருவி சுரண்டிய தூள் வேர்க்கால்வாய்ச் சுவரில் படலமாக ஒட்டியிருக்கும். அதை எடுக்க இது வேணும். அப்போ அம்மா பயந்ததில் தப்பில்லை. எவ்வளவு கரையுது என்பதுதான் கேள்வி.

பல கட்டுரைகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு சேர்ந்த இடிஎக்ஸ் முறையில் அளக்கின்றன. பல் துண்டின் மேல் எலக்ட்ரான் கற்றை விழுந்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ்ரே விடும். கால்சியம் 3.69, பாஸ்பரஸ் 2.01 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அந்த உச்சிகளை வைத்து மென்பொருள் சதவீதம் போட்டுத் தரும். இங்கேதான் என் தொழில்புத்தி முழித்துக்கொண்டது: சதவீதம்னா, கீழே வகுக்கிற எண் எது?

டென்டின் எடையில் தோராயமாக 70 சதவீதம் தாது, 20 கரிமம், 10 தண்ணீர். 100 கிராமில் ஹைப்போகுளோரைட் 10 கிராம் கரிமத்தைக் கரைச்சுட்டா மீதி 90. தாது அதே 70 கிராம்தான். ஆனா சதவீதம் 77.8 ஆயிடுச்சு! ஒரு துளி கால்சியம் கூடவில்லை. மேலோட்டமாகப் படித்தால் 'தாது அதிகரித்தது'ன்னு தோணும். கால்சியம்-பாஸ்பரஸ் விகிதத்தைப் பார்த்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது. எடையில் அது சுமார் 2.15. ரெண்டும் சேர்ந்தே வெளியேறினால் விகிதம் அப்படியே நிற்கும், பல் மட்டும் மெலிஞ்சிருக்கும்.

இன்னொரு கூத்து. பல் மின்சாரம் கடத்தாது என்பதால் நுண்ணோக்கியில் வைக்கும் முன் தங்கப்பூச்சு கொடுப்பார்கள். தங்கத்தின் ஒரு உச்சி 2.12-ல் வருது, பாஸ்பரஸுக்குப் பக்கத்து வீடு. சாதாரண உணர்கருவியின் பிரிக்கும் திறனே 0.13 அளவுதான். மென்பொருள் சரியாகப் பிரிக்காவிட்டால் தங்கமும் பாஸ்பரஸ் கணக்கில் ஏறும். கார்பன் பூச்சு போட்டிருக்காங்களா என்று இப்போ முதலில் பார்த்துவிடுகிறேன். அதோடு, இந்த முறை பார்ப்பது மேற்பரப்பின் ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம் மட்டும்.

கழுவி வந்த கரைசலை ஐசிபி கருவியில் கொடுத்தால் வெளியேறிய கால்சியத்தின் அளவே கிடைக்கும். அது எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்லாது. மைக்ரோ சிடி பல்லை வெட்டாமலே, அதே பல்லை முன்னும் பின்னும் படம் எடுத்து, அடர்த்தி தெரிந்த ஹைட்ராக்ஸிஅபடைட் மாதிரியோடு ஒப்பிட்டுத் தாது அடர்த்தியைக் கொடுக்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனா மெல்லிய மேற்பரப்பு மாற்றம் இதில் நழுவிவிடும்.

நேரம்தான் முக்கியம்னு புரியவைத்தது 2002-ல் வந்த துருக்கி ஆய்வு. சால்ட், செர்பர் என்ற இருவர் ஈடிடிஏ-வை 1 நிமிடமும் 10 நிமிடமும் விட்டுப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்திலேயே படலம் போய்விட்டது. பத்து நிமிடத்தில் டென்டின் குழாய்களைச் சுற்றியிருக்கும் சுவரே அரித்திருந்தது.

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு எத்தன நிமிசம் உட்டாங்க?" என்றார். அதை நான் டாக்டரிடம் கேட்டிருக்கவில்லை. அடுத்த சிட்டிங் வியாழக்கிழமை.