மணிலாவைக் களத்திலேயே கொடுத்துவிடலாமா?

வானூர் வட்டாரத்தில் மார்கழிப் பட்டத்து மணிலா பங்குனி, சித்திரையில் பிடுங்கப்படுகிறது. காய் ஆய்ந்து முடிவதற்குள் வியாபாரியின் வண்டி களத்துமேட்டுக்கு வந்துவிடும். "ஈரக்காய்தானே, இதற்கு மேல் கட்டாது" என்பார். விவசாயியும் தலையாட்டிவிடுவார். அவர் ஏன் தலையாட்டுகிறார் என்பதைச் சற்று யோசிக்க வேண்டும்.

எங்கே விற்பது, யாரிடம் விற்பது என்பது பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் நாடே பேசியது. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்று, விற்பனைக்கூட எல்லைக்கு வெளியே சந்தைக் கட்டணம் இல்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்றது. வடமாநில விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேலாக உட்கார்ந்து போராடினர். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் சட்டங்களை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் தமிழகச் சட்டமன்றம் அவற்றை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. நவம்பரில் நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது.

இதனால் நம் பக்கத்துச் சிறு விவசாயிக்கு லாபமா, நஷ்டமா? உண்மையைச் சொன்னால் இரண்டும் பெரிதாக இல்லை. களத்திலேயே விற்பது இங்கே நெடுநாளைய வழக்கம். அவருக்குக் குறைவாக இருந்தது சட்டம் தரும் சுதந்திரம் அல்ல. நாலு பேர் போட்டி போட்டு விலை கேட்கும் இடம்.

அந்த இடத்தை உண்டாக்கத்தான் 1933-ல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. தரகு, மகமை, சாம்பிள் என்று ஒவ்வொரு கையும் அள்ளியது போக மீதிக்கே விவசாயிக்குக் காசு கிடைத்த காலம் அது. முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-ல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. பின்னர் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நம் ஊரில் 'கமிட்டி' என்று சொல்வது இந்தக் கூடங்களைத்தான். பீகார் மாநிலம் 2006-ல் இத்தகைய சட்டத்தையே எடுத்துவிட்டது. தனியார் சந்தைகள் பெருகும் என்று எதிர்பார்த்தார்கள். அப்படிப் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

இனி தலையாட்டும் விஷயத்துக்கு வருவோம். மணிலாவில் பெரிய செலவு விதை. ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு வேண்டும். விதைக்கும் சமயத்தில் கையில் பணம் இராது; வியாபாரி கொடுக்கிறார். முன்பணம் வாங்கியவர் விலை பேச முடியாது. விற்பனைச் சீர்திருத்தம் பற்றி மேடையில் பேசுவோர் இந்த விதைக் கடனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் வட்டி கிடையாது. விற்பனைக்கான ஏற்பாட்டை விதைப்புக்கு முன்பே, சங்கத்தில் மனுக் கொடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடுத்தது எடை. 40 கிலோ மூட்டைக்கு 2 கிலோ 'கழிவு' என்று பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து மூட்டைக்கு 20 கிலோ, அதாவது அரை மூட்டை போயிற்று. 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய். அந்தக் கணக்கில் 20 கிலோவுக்கு 1,356 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் ஒருவர் பங்கு வாடகைக்கு இதுவே போதும்.

ஈரக்காயைக் கமிட்டிக்குக் கொண்டுபோவதில் பயன் இல்லை. நன்றாகக் காய வைக்க வேண்டும். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பருப்பைத் தேய்த்தால் மேல்தோல் உரிய வேண்டும். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நஞ்சு பருப்பிலும் புண்ணாக்கிலும் தங்கிவிடும்.

விலையை ஒப்பிடும்போது ஒரு தடுமாற்றம் வரும். வியாபாரி காய்க்கு விலை சொல்லுவார். கமிட்டி விலை 80 கிலோ பருப்பு மூட்டைக்கு என்று காதில் விழும். நன்றாகக் காய்ந்த 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்பு தேறும். ஆகவே 80 கிலோ பருப்புக்கு ஏறத்தாழ 115 கிலோ காய் வேண்டும். உடைக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே எது மேல் என்று சொல்ல முடியும்.

கமிட்டியில் சரக்கைக் குவித்ததும் சீட்டு கொடுப்பார்கள். வியாபாரிகள் பார்த்துவிட்டு, ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாதபடி தனித்தனியே குறித்துக் கொடுப்பது மறைமுக ஏலம். அதிக விலை கேட்டவருக்குச் சரக்கு. விலை பிடிக்கவில்லையென்றால் கொடுக்க மறுக்கலாம். அது விவசாயியின் உரிமை. தரகு கிடையாது. சந்தைக் கட்டணம் நூற்றுக்கு ஒரு ரூபாய். அதையும் வாங்குபவர்தான் கட்ட வேண்டும். விலை இறங்கிக் கிடந்தால் கிடங்கில் வைத்து, சரக்கின் மேல் பொருளீட்டுக் கடன் பெறலாம். எவ்வளவு கிடைக்கும், வட்டி என்ன, எத்தனை நாள் என்பதைக் கண்காணிப்பாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அவசரச் செலவு இருப்பவருக்கு ஏலத்தைவிட இந்தக் கடன்தான் கை கொடுக்கும்.

2016 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கிய இ-நாம் என்னும் மின்னணுச் சந்தையில் தமிழகக் கூடங்கள் பலவும் சேர்க்கப்பட்டுள்ளன. வெளியூர் வியாபாரியும் விலை கேட்க முடியும் என்பது ஏற்பாடு. ஆனால் சரக்கைப் பார்க்காமல் விலை கேட்கத் தரச்சோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். கணினியை மட்டும் வைத்துவிட்டால் ஆயிற்றா?

நம் பக்கத்தவருக்குத் திண்டிவனம், விழுப்புரம் கூடங்கள் உண்டு. வானூருக்கு இன்னும் அருகில் புதுவை தட்டாஞ்சாவடியிலும் ஒன்று இருக்கிறது. அது வேறு நிர்வாகம். வெளி விவசாயிக்கு என்ன விதி என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. எங்கே போனாலும் ஏல நாளையும், காயாக எடுப்பார்களா பருப்பாகவா என்பதையும் முதல் நாளே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிப் புத்தக நகலும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். கோடை மழைக் காலமாதலால் வண்டிக்கு ஒரு தார்ப்பாயும் வேண்டும்.