நாய்களுக்கான சிறுகாயப் பராமரிப்பு

நாய்களுக்கான சிறுகாயப் பராமரிப்பு என்பது வளர்ப்பு நாயின் உடலில் ஏற்படும் ஆழமற்ற வெட்டுகள், கீறல்கள், சிராய்ப்புகள் ஆகியவற்றுக்கு வீட்டில் அளிக்கப்படும் முதலுதவி ஆகும். காயத்தைத் தூய்மையாக வைத்து நோய்த்தொற்றைத் தடுப்பதே இதன் முதன்மை நோக்கமாகும்.

முன்னெச்சரிக்கை

வலியுற்ற நாய் தன்னை வளர்ப்பவரையும் கடிக்கக்கூடும். எனவே தேவையெனில் மென்துணியால் வாய்க்கட்டு இடலாம். மூச்சுத்திணறும் அல்லது வாந்தியெடுக்கும் நாய்க்கு இது கூடாது.

குருதிப்போக்கை நிறுத்தல்

தூய துணியைக் காயத்தின்மீது வைத்து 5 நிமிடங்கள் இடைவிடாது அழுத்த வேண்டும். இடையிடையே துணியை எடுத்துப் பார்த்தால் உறைந்த குருதி பெயர்ந்து மீண்டும் கசியும். 10 நிமிடங்களுக்குப் பின்னும் குருதி நிற்காவிடில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

தூய்மைப்படுத்தல்

காயத்தைச் சுற்றியுள்ள உரோமத்தைக் கவனமாகக் கத்தரித்தபின், உப்புக் கரைசலால் மண், தூசி நீங்கும்வரை கழுவ வேண்டும். கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் 9 கிராம் (ஏறத்தாழ ஒன்றரைத் தேக்கரண்டி) உப்பைக் கரைத்து இதனைத் தயாரிக்கலாம். இச்செறிவு உடல் நீர்மங்களின் செறிவை ஒத்திருப்பதால் திசுக்களைப் பாதிப்பதில்லை. பின்னர், வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர்த்த பொவிடோன் அயோடின் கரைசலைப் பயன்படுத்தலாம்.

நாய் காயத்தை நக்குவதால் ஆறும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், தொடர்ந்து நக்குவது புதிய திசுவைச் சிதைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். இதனைத் தடுக்கக் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை உதவும்.

தவிர்க்க வேண்டியவை

* ஐதரசன் பெராக்சைடு, சாராயம்: ஆறிவரும் உயிரணுக்களையும் அழிக்கும்.
* மஞ்சள்தூள், காப்பித்தூள்: காயத்தில் அயற்பொருளாகத் தங்கும்.
* துத்தநாக ஆக்சைடு களிம்பு: நக்கி விழுங்கினால் நஞ்சாகும்.
* பாராசித்தமோல், இபுப்ரோஃபன்: மனிதருக்கான இவ்வலிநீக்கிகள் நாய்களுக்கு உயிராபத்தை விளைவிக்கலாம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

ஆழமான காயம், கண் அருகிலுள்ள காயம், சீழ், துர்நாற்றம், வீக்கம் ஆகியவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும்.

கடிகாயம் வெளியே சிறு துளையாகவே தோன்றினும், தளர்வான தோலின் அடியில் தசை கிழிந்திருக்கலாம்; சில நாட்களில் சீழ்க்கட்டி உருவாகலாம். எனவே இதனைச் சிறுகாயமாகக் கருதலாகாது. கடித்த விலங்குக்கு வெறிநோய் இருக்கும் வாய்ப்பும் உண்டு. ஆதலால் முன்பே தடுப்பூசி பெற்ற நாய்க்கும் மருத்துவ ஆலோசனை உடனடியாகத் தேவை. இத்தகைய காயத்தைக் கையுறை அணிந்தே தொட வேண்டும்.

இந்தியா, இலங்கை போன்ற வெப்ப நாடுகளில் ஈக்கள் திறந்த புண்ணில் முட்டையிடுகின்றன. அவை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் உயிருள்ள திசுவையும் உண்ணக்கூடும். எனவே ஆறும்வரை காயத்தை நாள்தோறும் இருமுறை பார்வையிடுவது இன்றியமையாததாகும்.