வறண்ட கண் நீர் வடிப்பது ஏன்? இமைச் சுரப்பிகள் குறித்து ஒரு விளக்கம்

எழுத்தொலியின் அளவாகிய மாத்திரையை வரையறுக்க வந்த தொல்காப்பியம், கண் இமைக்கும் நேரத்தையும் கைந்நொடிப் பொழுதையும் அளவுகோலாகக் கொண்டது. இலக்கண வகுப்பில் நாம் பலகாலும் எடுத்துரைக்கும் அந்த இமைப்பு, காலத்தை அளப்பதற்கு மட்டும் உரியதன்று. உடலில் அதற்கென ஒரு தொழிலும் உண்டு. அத்தொழில் குன்றும்போது கண்ணுக்கு நேர்வது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

நம் விழியின் மேற்பரப்பை மிக மெல்லிய கண்ணீர்ப்படலம் ஒன்று எந்நேரமும் போர்த்தியிருக்கிறது. விழியை ஒட்டியுள்ள வழுவழுப்பான பொருள் நீரைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. அதன்மேல் கண்ணீர் பரவுகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் எண்ணெய்ப் படலம் அமைந்து, நீர் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது. இவ்வெண்ணெயைத் தருவன இமைகளுக்குள் வரிசையாக அமைந்த நுண்சுரப்பிகள். மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையும், கீழிமையில் 20 முதல் 30 வரையும் இவை உள்ளன. 1666ஆம் ஆண்டில் இவற்றை விரிவாக விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என வழங்குகின்றன. நாம் முழுமையாக இமைக்கும் ஒவ்வொரு முறையும் இமைத்தசை இச்சுரப்பிகளை மெல்ல அழுத்துகிறது. சிறிதளவு எண்ணெய் வெளிப்பட்டு விழியெங்கும் பரவுகிறது.

இச்சுரப்பிகளின் செயற்குறைபாட்டிற்கு முதன்மைக் காரணம் அடைப்பு. சுரப்பியின் குழாய் வாயிலில் தோல் தடித்து, உதிரும் செல்கள் எண்ணெயோடு கலந்து தேங்குகின்றன. எண்ணெயின் தன்மையும் மாறுகிறது. குளிரூட்டிய அறையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே, உடல் வெப்பத்தில் தெளிவாக இளகியிருக்க வேண்டிய இமையெண்ணெய் கெட்டியாகி வெளிவர மறுக்கிறது. முதுமையும், ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதும் இதற்கு வழிவகுக்கின்றன. முகம் சிவக்கும் ரோசேசியா போன்ற தோல்நோய்கள், கடும் முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினோயின் மருந்து, நெடுங்காலம் அணியும் கான்டாக்ட் லென்ஸ், இமை விளிம்பில் தீட்டும் மை ஆகியவையும் காரணமாகலாம்.

இவற்றோடு, மாணவரும் ஆசிரியரும் கருத்தில் கொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. இயல்பாக நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கும் நாம், திரையில் ஆழ்ந்திருக்கும்போது அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இமைக்கிறோம். அவற்றுள்ளும் பல, இமைகள் ஒன்றையொன்று தொடாத அரைகுறை இமைப்புகள். அழுத்தம் கிட்டாத சுரப்பியில் எண்ணெய் தேங்குகிறது. குளிர்சாதன அறையின் உலர்ந்த காற்றோ எஞ்சிய ஈரத்தையும் கவர்ந்துகொள்கிறது.

எண்ணெய் குன்றியதும் கண்ணீர் விரைந்து ஆவியாகி, எஞ்சிய நீரில் உப்பின் செறிவு மிகுகிறது. விழிப்பரப்பு அழற்சியுற்று எரிச்சலும் மணல் உறுத்துவது போன்ற உணர்வும் தோன்றுகின்றன. உறுத்தலை உணர்ந்த நரம்புகள் கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டவே, நீர் பெருகி வழிகிறது. ஆயினும் காக்கும் எண்ணெய் இல்லாமையால் அந்நீர் விழியில் நிலைப்பதில்லை. வறண்ட கண் நீர் வடிப்பதன் காரணம் இதுவே. பார்வை மங்குவதும் இமைத்தவுடன் தெளிவதும், இமை விளிம்பு சிவப்பதும், இமையில் வலியற்ற சிறு கட்டி எழுவதும் பிற அறிகுறிகள். கண்வறட்சிக்கு உலகளவில் இக்குறைபாடே முதன்மைக் காரணமாக இருக்கக்கூடும் என 2011இல் வெளியான அனைத்துலக வல்லுநர் குழுவின் அறிக்கை கருதுகிறது.

வாசிக்கும்போது அடிக்கடி கண்ணைக் கசக்கும் மாணவரை, நான்கு வரி படித்ததும் நிமிர்ந்துவிடும் மாணவரை, கவனம் இல்லாதவர் என நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். எழுத்து மங்கித் தெளிவதை அவர் சொல்ல அறியாதிருக்கலாம். கண்ணாடியை மாற்றியும் தீராத மங்கல் இமையிலிருந்து எழுவதாக இருக்கலாம். அதட்டுவதற்கு முன் கேட்டறிவது நம் கடமை.

இதில் காலந்தாழ்த்தலாகாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. நெடுநாள் அடைபட்ட சுரப்பி சுருங்கி மறைகிறது. மறைந்த சுரப்பி மீண்டும் தோன்றுவது அரிது. வெளிப்படையான தொல்லை தெரியுமுன்பே இச்சுருக்கம் தொடங்கிவிடக்கூடும்.

தொடக்க நிலையில் வீட்டிலேயே செய்யத்தக்கவை எளியவை. பொறுக்கும் சூடுள்ள நீரில், ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் அளவில், தூய துணியை நனைத்துப் பிழிந்து மூடிய இமைகள்மீது 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். துணி ஆறிவிடுமாதலால் அவ்வப்போது சூடேற்ற வேண்டும். பின்னர் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மென்மையாக நீவி, விளிம்பைத் தூய்மை செய்தல் வேண்டும். திரையைக் கண்மட்டத்திற்குச் சற்றுத் தாழ வைப்பின் கண் அகல விரியாது. ஆவியாகும் பரப்பும் குறையும். மீனெண்ணெய் மாத்திரை கண்வறட்சியைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை பரவலாயினும், 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலான பயன் தரவில்லை. பிறருக்கு எழுதித் தந்த சொட்டுமருந்தை நாம் பயன்படுத்தலாகாது. கடும் வலி, ஒளி கூசுதல், பார்வைக் குறைவு ஆகியவை தோன்றின் உடனே கண் மருத்துவரை நாட வேண்டும்.

வகுப்பறையில் நாம் இன்றே தொடங்கத்தக்க பழக்கம் ஒன்றுண்டு. ஒரு பக்கம் படித்து முடித்ததும் இமைகள் நன்கு பொருந்தும்படி சில முறை மெல்ல இமைக்கச் செய்வதே அது. பாடவேளையில் அதற்கு ஆகும் நேரம் ஒரு சில மாத்திரைகளே.