கதை பொய்யாகுமா?

“கதைப் புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தைப் படி!” பரீட்சைக் காலத்தில் இவ்வதட்டல் கேளாத தமிழ் வீடு நம் நாட்டில் அரிது. ஆசிரியனாகிய நானும் இதனை என் மகனிடம் பலமுறை கூறியதுண்டு. ஒருநாள், “கதையெல்லாம் பொய்தானே, வீண்பொழுது எதற்கு?” என்றும் சேர்த்துக் கூறிவிட்டேன். அவன் தலை நிமிர்ந்து, “அப்படியானால் கோயிலிலே புராணபடனம் கேட்க நீங்கள் ஏன் போகிறீர்கள், அப்பா?” என்றான். எனக்கு உடனே விடை வரவில்லை.

“கதை விடாதே” என்று நாம் கூறும்போது கதை என்பது பொய்யின் மறுபெயராகிவிடுகிறது. ஆயினும், ஈழத்துத் தமிழிலே பேசுவதற்கே ‘கதைத்தல்’ என்றுதான் பெயர். கதையின்றி மனிதனுக்குப் பேச்சே இல்லையென நம் முன்னோர் கருதினர் போலும்!

மனிதனுக்குக் கதை எதற்கு? இவ்வினாவுக்குக் கிறித்தவ மரபு கண்ட விடை, எம்மதத்தவரும் சிந்திக்கத்தக்கது.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே தாவீது மன்னனின் வரலாறு வருகிறது. அவன் தன் படைவீரனாகிய உரியாவின் மனைவியைக் கவர்ந்தான்; குற்றத்தை மறைக்க உரியாவைப் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் என்னும் தீர்க்கதரிசி அரசன்முன் வந்தார். அவர் குற்றஞ்சாட்டவில்லை, ஒரு கதை கூறினார். ஆடுமாடுகள் மலிந்த செல்வன் ஒருவன். அவன் ஊரிலே ஓர் ஏழை. அவ்வேழையின் உடைமை ஒரேயொரு பெண்ணாட்டுக்குட்டி. அதனை அவன் மகளைப் போல் வளர்த்தான். செல்வன் வீட்டுக்கு விருந்தினன் வந்தபோது, செல்வன் தன் மந்தையைத் தொடாது, ஏழையின் குட்டியைப் பறித்து விருந்து சமைத்தான். கேட்ட அரசன் வெகுண்டு, அக்கொடியவன் சாகத்தக்கவன் என்றான். அக்கொடியவன் அரசனே என்பதை நாத்தான் அப்பொழுதுதான் வெளிப்படுத்தினார். நேரே குற்றஞ்சாட்டியிருந்தால் அரசன் தன்னைக் காத்துக்கொள்ளச் சமாதானம் தேடியிருக்கலாம். கதையோ முதலில் அவனுடைய நீதியுணர்ச்சியை எழுப்பிற்று. பின்னர் அவனை அவனுக்கே காட்டிற்று.

புதிய ஏற்பாட்டிலே நியாயசாஸ்திரி ஒருவர், தம் அயலான் யாரென இயேசுநாதரிடம் வினவினார். இயேசுநாதர் வரைவிலக்கணம் கூறவில்லை. அவரும் கதையே கூறினார். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி ஏறக்குறைய 17 மைல் நீளமானது; அத்தூரத்துள் 3,000 அடிக்கு மேல் தாழ்ந்து செல்லும் வறண்ட மலைப்பாதை. அவ்வழியிலே கள்வரால் அடியுண்டு ஒருவன் குற்றுயிராய்க் கிடந்தான். குரு ஒருவரும் லேவியர் ஒருவரும் கண்டும் விலகிச் சென்றனர். யூதர் வெறுத்த சமாரியன் ஒருவனே காயங்களுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, அவனைச் சத்திரத்திற் சேர்த்துச் செலவுக்குப் பணமும் கொடுத்தான். இம்மூவருள் அயலானாக நடந்தவன் யாரென இயேசுநாதர் திருப்பிக் கேட்டார். அயலான் யார், அல்லாதான் யார் என்று எல்லை வகுக்க வந்தவர், தாம் யாருக்கு அயலானாக வேண்டும் என்று எண்ண நேர்ந்தது. வரைவிலக்கணம் அறிவைத் தெளிவிக்கும். மனத்தைத் திருப்பக் கதை வேண்டியிருந்தது.

கதை பொய்யா என்னும் வினா பேரறிஞரையும் வருத்தியதுண்டு. 1931ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஓரிரவு, இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் நகரிலே கல்லூரிச் சோலை வழியாக மூன்று நண்பர்கள் உலாவினர். அவர்கள் சி. எஸ். லூயிஸ், ஜே. ஆர். ஆர். டொல்கின், ஹியூகோ டைசன் என்போர். பழங்கதைகள் அழகியனவாயினும் பொய்களே என்பது லூயிஸின் கருத்து. டொல்கின் அதனை மறுத்தார். மனிதன் இறைவனாற் படைக்கப்பட்டவன். ஆதலின் அவன் படைக்கும் கதைகளிலும், பிழைகளினூடே, மெய்யொளியின் ஒரு கீற்று இருக்கும் என்பது அவர் வாதம். பழங்கதைகள் நாடியது கிறித்துவின் வாழ்விலே வரலாறாக நிகழ்ந்தது என்றும் அவர் நம்பினார். சில நாட்களுள் லூயிஸ் கிறித்துவை ஏற்றார். பின்னர் அவரே சிறுவருக்குக் கதை எழுதினார். அவருடைய நார்னியாக் கதைகளுள் முதல் நூல் 1950இல் வெளிவந்தது.

டொல்கினின் முடிபு முழுவதையும் சைவனாகிய நான் ஏற்பதற்கில்லை. ஆனால், படைக்கும் ஆற்றல் படைத்தவனிடமிருந்தே மனிதனுக்கு வந்தது என்பதை மறுக்க என்னால் இயலவில்லை.

மகனுக்கு விடை கூற வேண்டுமன்றோ? நாத்தானின் கதையை அவனுக்குச் சொன்னேன். ஆட்டுக்குட்டி பறிபோன இடத்தில் அவன் முகம் சிவந்தது. “அப்படி ஓர் ஆட்டுக்குட்டி இருக்கவேயில்லை, தம்பி, அது வெறுங்கதை” என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிவிட்டு, “ஆனால் எனக்கு வந்த கோபம் உண்மைதானே, அப்பா!” என்றான்.

பெற்றோரே, பாடம் முடியட்டும். அதன்பின் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு கதை சொல்லுங்கள். சொல்ல நேரமில்லையாயின், அவர்கள் கையிலிருக்கும் கதைப் புத்தகத்தையேனும் பறியாதிருங்கள்.