கைபேசியில் தெரியும் பிட்கொயின் யார் கையில் இருக்கிறது?

கணிதம் படிப்பிக்கும் என்னிடம் உயர்தர மாணவர்கள் மட்டுமல்ல, அவர்களின் பெற்றோரும் இப்போது கிரிப்டோ பற்றி விசாரிக்கிறார்கள். விலை ஏறுமா, இறங்குமா என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. அதற்கு முன்னர் கேட்க வேண்டியது வேறொன்று: வாங்கிய நாணயம் யாரிடம் இருக்கிறது?

பைனான்ஸ் போன்ற எக்ஸ்சேஞ்ச்கள் ஒரு வகைச் சந்தைதான். அடையாள அட்டையையும் முகத்தையும் படம் எடுத்து அனுப்பிக் கணக்குத் திறக்கிறோம். வாங்குவோர் கேட்கும் விலையும் விற்போர் சொல்லும் விலையும் ஒரே பட்டியலில் இருக்கும். இரண்டும் பொருந்தியதும் வியாபாரம் முடிந்துவிடும். கட்டணம் 0.1 சதவீதம் என்றால், 100 டொலருக்கு 10 சதம் நிறுவனத்துக்குப் போகும்.

நமது நாட்டில் 2021 முதல் வங்கி அட்டைகளால் இதற்குப் பணம் செலுத்த அனுமதியில்லை. அதனால் பலர் 'பி2பி' முறைக்குப் போகிறார்கள். விற்பவரின் நாணயத்தை எக்ஸ்சேஞ்ச் தடுத்து வைக்கும். வாங்குபவர் அவருடைய வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்புவார். "பணம் கிடைத்தது" என்று விற்பவர் உறுதிப்படுத்தியதும் நாணயம் கைமாறும். இங்கே இரண்டு ஆபத்துகள். ஒன்று, போலி வங்கிச் சிட்டையை நம்பி நாணயத்தை விடுவிப்பது. மற்றது, முகம் தெரியாதவர் அனுப்பும் பணம் மோசடிப் பணமாக இருந்தால் நமது வங்கிக் கணக்கும் விசாரணைக்குள் சிக்குவது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். நகைக் கடையில் பவுண் வாங்கி, அதைக் கடையிலேயே விட்டுவிட்டு, பற்றுச்சீட்டுடன் வீடு திரும்பினால் நம் கையில் இருப்பது பவுணா, சீட்டா? எக்ஸ்சேஞ்சில் தெரியும் தொகையும் அந்தச் சீட்டுத்தான். நாணயத்தை அசைக்கும் இரகசியச் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. நாம் ஒப்படைத்தது ஓர் அமானிதம்.

எஃப்டிஎக்ஸ் நிறுவனம் அந்த அமானிதத்தைப் பேணவில்லை. வாடிக்கையாளர் பணம் அதன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனமான அலமேடாவுக்குப் போயிருந்தது. 2022 நவம்பரில் அது வங்குரோத்தானது. உரிமையாளர் சாம் பேங்க்மன்-ஃப்ரைடுக்கு 2024இல் 25 வருடச் சிறை. 2025இல் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியபோது பிட்கொயின் 90,000 டொலரைத் தாண்டியிருந்தது. ஆனால் வாடிக்கையாளருக்குக் கணக்கிடப்பட்டதோ, நிறுவனம் விழுந்த நாளின் விலை: சுமார் 16,900 டொலர். நாணயம் உண்மையில் யாருடையதாக இருந்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

நாணயத்தைச் சொந்த வொலட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்போது 12 அல்லது 24 சொற்கள் கொண்ட மீட்புத் தொடரை நாமே பாதுகாக்க வேண்டும். அது தொலைந்தால் மீட்டுத் தர எவரும் இல்லை. பிறர் கையில் அகப்பட்டால் எல்லாம் போய்விடும்.

வங்கி முறிந்தால் வைப்பாளருக்கு வைப்புக் காப்புறுதி இருக்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை. இத்தொழிலை நடத்த எவருக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கவில்லை என்று மத்திய வங்கியும் பலமுறை அறிவித்திருக்கிறது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். அதைக் கேட்கும்போது, நாம் வாங்குவது நாணயமா, அதற்கான சீட்டா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த காசை மட்டும் இந்தச் சீட்டாக மாற்றிவிடாதீர்கள்.