இந்தப் பாதை யாருடையது?

மழை ஓய்ந்த மறுநாள் மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றுக்கு நடந்து சென்றவர்களுக்கு அப்பாதையின் கோலத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பஸ் நிற்கும் இடம்வரை தார் பளபளக்கும். அங்கிருந்து லயத்துக்கு ஏறும் வழியிலோ கல் பெயர்ந்து, பள்ளந்தோறும் செந்நீர் தேங்கி நிற்கும். முச்சக்கர வண்டிக்காரர் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். மழையும் ஒன்றே, மலையும் ஒன்றே. பின் ஏன் இந்த வேற்றுமை?

வீதி பழுதுபார்க்கப்பட வேண்டுமாயின் அதற்கு முதலில் ஓர் உடையவர் வேண்டும். அந்தச் சுமை யார் தலையில் ஏறுவது என்னும் வழக்கு மாத்தளைக்குப் புதிதன்று. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் 3 ஷில்லிங் செலுத்த வேண்டும் என்று 1848 இல் தேசாதிபதி டொரிங்டனின் அரசாங்கம் சட்டமியற்றியது. துப்பாக்கி வரி, நாய் வரி, கடை வரி ஆகியவற்றோடு இதுவும் சேரவே மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஜூலை 26 ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். இரு நாட்களில் மாத்தளை தாக்கப்பட்டது. கலகம் ஒடுக்கப்பட்டு, ஆகஸ்ட் 8 இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான்.

இன்று அச்சுமை பங்கிடப்பட்டுள்ளது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 போன்ற ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சார்ந்தவை. சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. எஞ்சிய சிறு வீதிகளையும் நகரத்து நடைபாதைகளையும் மாநகர சபைகளும் பிரதேச சபைகளும் பேண வேண்டும்.

அவ்வாறு பேணுவது தார் ஊற்றுவது மட்டுமே என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். மலைநாட்டில் வீதிக்குப் பெரும் பகை வண்டியன்று, நீரே. ஓரத்து வடிகாலில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் வெள்ளம் வீதியின் மேல் ஓடும். வெடிப்புகளின் வழியே அடித்தளத்தில் இறங்கி அதைக் கரைக்கும். மழைக்கு முன் மண்வெட்டியோடு வரும் இரு தொழிலாளர் வடிகாலையும் மதகையும் துப்புரவு செய்துவிட்டால், பின்னர் பல இலட்சம் ரூபா மிஞ்சும். குழி விழுந்துவிட்டாலோ தளர்ந்த பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, ஈரத்தையும் சேற்றையும் அகற்றி, தார் பூசி, சல்லிக் கலவையை இட்டு நன்றாக இறுக்க வேண்டும். நீர் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது பள்ளத்தாக்கில் கிடக்கும். (தேர்தல் காலத்து வேலைகளை நாம் இங்கே பேசவில்லை!)

தோட்டப் பாதைகளுக்கு இந்த அரைகுறை வேலைகூட நெடுங்காலம் கிட்டவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தரவில்லை என்றே கொள்ளப்பட்டது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்தவர்கள், அந்த உறுப்பினரிடம் ஒரு மதகு கேட்க முடியாதிருந்தனர். பெருந்தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992 இல் அவற்றிற் பல கம்பனிகளின் நிருவாகத்திற்குச் சென்றன. கம்பனி சபையைக் கை காட்டும், சபை கம்பனியைக் கை காட்டும். இடையில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு உறவினர் நடப்பர்.

2018 இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்டங்களுக்கும் சபை பணிபுரியலாம் என்ற வழி பிறந்தது. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தாக வேண்டும்' என்பதற்கும் தூரம் அதிகமென்பது உண்மையே. சபைகளின் கையிருப்பும் சிறிது. போதாக்குறைக்கு, 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் 2025 மே மாதத் தேர்தல்வரை சபைகளில் உறுப்பினரே இருக்கவில்லை.

இப்பொழுது இருக்கிறார்கள். ஆதலின் தோட்டத்து இளைஞர்களும் மாணவர்களும் முதலில் தங்கள் பாதை சபையின் வீதிப் பட்டியலில் உள்ளதா என்று எழுதிக் கேட்கட்டும். இல்லையெனில் அதைச் சேர்க்குமாறு, பாதையின் தொடக்கமும் முடிவும், நீளமும், பயன்படுத்தும் குடும்பங்களின் தொகையும் குறித்து, தவிசாளருக்கும் செயலாளருக்கும் விண்ணப்பித்து, அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளட்டும்.